பேஸ் கிட்டாருக்குப் புது ஸ்ட்ரிங்: கடையில் கேட்பதில் தொடங்கி இன்டொனேஷன் வரை

பங்குனி பிறந்தால் மதுரையைச் சுற்றித் திருவிழாக் கச்சேரிகள் ஆரம்பித்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே என் வீட்டுத் திண்ணையில் பேஸ் கிட்டார் பைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். மேலூரோ திருமங்கலமோ வாடிப்பட்டியோ, எங்கிருந்து வந்தாலும் புகார் ஒன்றுதான்: “அண்ணே, ஸ்ட்ரிங் மாத்துனதுல இருந்து ஜிர்ருங்குதுண்ணே.” என்ன நம்பர் செட் என்று கேட்டால் தெரியாது. முன்னால் கிடந்தது என்ன நம்பர் என்றால் அதுவும் தெரியாது. ஜிர்ரை நிறுத்தக் கம்பியை உயர்த்தியிருப்பார்கள். அதனால் மேல் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) சுருதி விலகியிருக்கும். அதற்காக, உடம்புப் பக்கத்தில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்தியிருப்பார்கள். கடைசியாக, யாரோ சொன்னார்கள் என்று, நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடையும் திருகியிருப்பார்கள்.

வேலைகள் எல்லாம் சரியானவைதான். வரிசைதான் தலைகீழ். அளவு, கம்பி, மாட்டுதல், ட்ரஸ் ராட், உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தப் பாகம்) என்றுதான் போகவேண்டும். ஏனென்றால் இதில் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வருவதை அசைக்கும்.

1. கடைக்குப் போகுமுன் டேப் எடுங்கள்

நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பி வரை அளந்து அதை இரண்டால் பெருக்குங்கள். 17 இன்ச் வந்தால் உங்களுடையது 34 இன்ச் ஸ்கேல், அதாவது லாங் ஸ்கேல். நம் ஊரில் கையில் இருக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இதுதான். 15 வந்தால் 30 இன்ச், ஷார்ட் ஸ்கேல். நேராகப் பிரிட்ஜ் வரை, அதாவது சேடில்கள் இருக்கும் இடம் வரை, அளக்காதீர்கள். சேடில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நிற்பதால் ஆளுக்கொரு கணக்கு வரும். பன்னிரண்டாம் ஃப்ரெட் மட்டும் சரிபாதியில் இருக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை ஆன்லைனில் விலை குறைவு என்று ஷார்ட் ஸ்கேல் செட் வாங்கி ஏமாந்தேன். கம்பியின் தடித்த பகுதி நட்டைத் தாண்டுவதற்குள்ளேயே முடிந்து, நூல் சுற்றிய மெல்லிய பகுதி முதல் ஃப்ரெட்டுக்கு மேல் வந்து நின்றது. உறையில் ‘லாங் ஸ்கேல்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். கம்பி பிரிட்ஜிலேயே மாட்டுகிறதா, உடம்பின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக வருகிறதா? பின்பக்கமாக வந்தால் கம்பி இன்னும் நீளமாக வேண்டும். கடைக்காரரிடம் அதைச் சொல்லியே கேளுங்கள்.

2. தடிமன்: நம்பர் என்ன சொல்கிறது

உறையில் 45, 65, 85, 105 என்று போட்டிருக்கும். இவை இன்ச்சில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 45 என்றால் 0.045 இன்ச், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 105 இரண்டரை மில்லிமீட்டரையும் தாண்டும். 45–105 நடுத்தரம், 40–95 அல்லது 40–100 லேசானது. ஐந்து கம்பி பேஸில் கீழ் பி ஸ்ட்ரிங் 125 அல்லது 130 ஆக இருக்கும்.

விரல் வலிக்கிறது என்று லேசான செட்டுக்குத் தாவுகிற தம்பிகள் ஒன்றை யோசிப்பதில்லை. மெல்லிய கம்பியில் இழுவை குறைவு. அது அதிக அகலத்துக்கு ஆடி ஃப்ரெட்டில் இடிக்கும். விரல் வலி பெரும்பாலும் கம்பி உயரத்தால் வருவது. அதை ஒன்பதாம் படியில் சரிசெய்யலாம்.

லைட் மியூசிக் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மேடையில் பாடகர் சுருதியைக் குறைக்கச் சொல்லி “அரைக்கட்டை இறக்கிக்குங்க” என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுச் சிரிப்பார். நமக்குப் பொத்தான் கிடையாது. பெரும்பாலும் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசித்தால் போதும். ஆனால் மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கினால், நம் தடித்த கம்பியான ஈ ஸ்ட்ரிங்குக்குக் கீழே அந்தச் சுரமே இல்லை. அப்போது கம்பியைத் தளர்த்துவார்கள். அரைக்கட்டை தளர்த்தினால் இழுவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், ஒரு கட்டை தளர்த்தினால் ஐந்தில் ஒரு பங்கு. 40–95 செட்டில் இப்படிச் செய்தால் ஈ ஸ்ட்ரிங் கொடிக்கயிறு மாதிரி ஆடும். அடிக்கடி இறக்கி வாசிப்பவர் 45–105க்குக் கீழே போகவேண்டாம். அல்லது ஐந்து கம்பிக்கு மாறிவிடலாம்.

ஒரு நம்பரில் செட்டப் செய்துவிட்டால் அதிலேயே இருங்கள். நம்பர் மாறினால் நெக்கின் மேல் இழுவை மாறும், எட்டாம் படியிலிருந்து எல்லாம் மறுபடி. தடித்த செட்டுக்குப் போகும்போது கம்பி நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் மேலே தொங்கவும் வாய்ப்புண்டு. பள்ளத்தை அராவுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரு இழுப்பு அதிகமானால் நட்டையே மாற்றவேண்டி வரும்.

3. எந்தக் கம்பி

ரவுண்ட்வௌண்ட் என்பது உருண்டையான கம்பியைச் சுற்றியது. விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும், ஒலி பளிச்சென்று வரும். அதில் நிக்கல் பூசிய எஃகு கொஞ்சம் மென்மை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச், துருவையும் தாங்கும். ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும்.

ஃபிளாட்வௌண்ட் தட்டையான நாடாவைச் சுற்றியது. வழவழப்பு, ‘டும்’ என்று உருண்டையான ஒலி, விரல் நகரும் கீச்சுச் சத்தம் இராது. இழுவை பொதுவாகக் கூடுதல், ஆயுளும் கூடுதல். பழைய பாட்டுகளையே அதிகம் வாசிக்கும் குழு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இளையராஜா பாட்டுகளில் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் கீச்சுச் சத்தம் இல்லாதது பெரிய நிம்மதி.

நைலான் நாடா சுற்றிய டேப்வௌண்டும் உண்டு. அதில் ஒரு சங்கதி: சாதாரணக் கம்பியைத் தொட்டதும் அடங்கும் ஹம் சத்தம் இதில் அடங்காது, நம் விரல் உலோகத்தைத் தொடுவதில்லையே. திருவிழாப் பந்தலில் எர்த் சரியில்லாத கரண்டில் வாசிப்பவருக்கு இது தலைவலி.

மதுரை வெயிலையும் கணக்கில் எடுங்கள். வியர்வை உப்பும் அழுக்கும் ரவுண்ட்வௌண்டின் இடுக்கில் இறங்கினால் கம்பி செத்துப்போகும். கை அதிகம் வியர்ப்பவருக்கு மேலே மெல்லிய படலம் பூசிய கோட்டட் ஸ்ட்ரிங் விலை அதிகமானாலும் கட்டுபடியாகும்.

அக்கூஸ்டிக் பேஸுக்கான வெண்கலக் கம்பியை எலெக்ட்ரிக்கில் போடாதீர்கள். பிக்கப்பின் காந்தம் உள்ளே இருக்கும் எஃகைத்தான் உணரும், வெண்கலச் சுற்றை உணராது. ஒலி சோர்ந்து வரும்.

குழப்பமாக இருந்தால் முதல் செட்டாக நிக்கல் ரவுண்ட்வௌண்ட், 45–105 வாங்குங்கள்.

4. மேசைமேல் என்ன இருக்கவேண்டும்

ட்யூனர், கட்டிங் பிளேயர், பழைய பனியன் துணி, திருப்புளி, அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல். அப்புறம் ஆலன் கீ. இதில்தான் சிக்கல். உங்கள் பேஸ் மில்லிமீட்டர் கணக்கா இன்ச் கணக்கா என்று பாருங்கள். 5 மில்லிமீட்டர் கீயும் 3/16 இன்ச் கீயும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். அளவு மாறிய கீயைப் போட்டுத் திருகினால் ட்ரஸ் ராடின் அறுகோணப் பள்ளம் வட்டமாகிவிடும். பிறகு எந்தக் கீயும் பிடிக்காது.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் தேடி மியூசிக் கடைக்கு அலையவேண்டாம். பைக் மெக்கானிக் டாப்பெட் வைக்கப் பயன்படுத்துவதேதான். தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. பழையதைக் கழற்றுதல்

முதலில் முழுக்கத் தளர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றரைச் சிமென்ட் மூட்டை. முறுக்கோடு இருக்கும் கம்பியில் கட்டிங் பிளேயரை வைத்தால் அது சாட்டை மாதிரி முகத்துக்கு வரும்.

நாலையும் ஒரே நேரத்தில் எடுக்கலாமா? ஃப்ரெட்போர்டைத் துடைக்கவேண்டும் என்றால் எடுக்கலாம், ஒரு மணி நேரத்தில் நெக்குக்கு ஒன்றும் ஆகாது. வெறும் நெக்காக நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வயலின் மாதிரி பிரிட்ஜ் சும்மா உட்கார்ந்திருக்கும் வகை என்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும். எல்லாவற்றையும் எடுத்தால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், அது நின்ற இடமும் தொலைந்துபோகும்.

6. புதியதை மாட்டுதல்

இங்கேதான் அதிகமான கம்பிகள் பாழாகின்றன. நிதானமாகப் போங்கள்.

குண்டு முனையைப் பிரிட்ஜில் கோத்து, கம்பியைச் சேடில் மேலும் நட் பள்ளத்திலும் வைத்து நேராக இழுங்கள். கம்பிக்குள் முறுக்கு இருந்தால் முனையைக் கைவிட்டுத் தானாகச் சுழன்று அடங்க விடுங்கள். முறுக்கோடு மாட்டிய கம்பி பிறகு எவ்வளவு செய்தாலும் சுருதியில் நிற்காது.

தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கும் கீயின் தண்டைத் தாண்டி அரைச் சாண் நீளம், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், விடுங்கள். அந்த இடத்தில் கம்பியைச் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகுதான் வெட்டவேண்டும், மடிப்புக்கு அப்பால் கொஞ்சம் விட்டு. மடக்காமல் வெட்டினால் உள் கம்பியிலிருந்து வெளிச்சுற்று நழுவித் தளரும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் அந்தக் கம்பி முதல் நாளிலேயே மூன்று மாதப் பழசு மாதிரி ‘தொப்’பென்று ஒலிக்கும்.

போன வருடம் திருமங்கலத்துத் தம்பி ஒருவர் புது ஈ ஸ்ட்ரிங்கோடு வந்தார். மற்ற மூன்றும் மணியாக ஒலிக்கின்றன, ஈ மட்டும் கட்டை. பிக்கப்பா, வயரிங்கா என்று அவர் ஒரு வாரம் தேடியிருக்கிறார். கீயிலிருந்து கழற்றி முனையைப் பார்த்தேன். நூல் உறைக்குள் சுற்று பிரிந்து, வாழைநார் மாதிரி உரிந்து நின்றது. வேறு கம்பி வாங்குவதைத் தவிர வழியில்லை.

நீளத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். நானும் முதன்முதலில் மாட்டியபோது ‘எதுக்கு மிச்சம்’ என்று தண்டுக்குப் பக்கத்திலேயே வெட்டினேன். ஒரு சுற்றுகூடப் போகவில்லை, இழுக்க இழுக்க நழுவியது.

வெட்டிய முனையைத் தண்டின் நடுத்துளைக்குள் முழுதாக இறக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டையைக் கிழிக்கும். கம்பி கீப்பிடிக்கு எதிர்ப்பக்கமாகப் போகும்படி சுற்றுங்கள். முதல் சுற்று மேலே, அடுத்தடுத்தது கீழே. இரண்டு மூன்று சுற்று போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. கீழே இறங்கும்போதுதான் கம்பி நட்டிலிருந்து சாய்ந்து பள்ளத்தில் அழுந்தி உட்காரும். நாலு கீயும் ஒரே பக்கம் இருக்கும் பேஸ்களில் டி, ஜி கம்பிகளை அழுத்த ஒரு சின்னக் கொக்கி இருக்கும், ஏ ஸ்ட்ரிங்குக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஏ ஸ்ட்ரிங்கைத் தண்டின் அடிவரை இறக்குங்கள். இல்லையென்றால் ஃப்ரெட்டில் விரல் வைக்காமல் திறந்து வாசிக்கும்போது சித்தார் மாதிரி முனகும்.

ஃபிளாட்வௌண்ட் என்றால் தடித்த பகுதி தண்டில் சுற்றவே கூடாது, நூல் சுற்றிய பகுதிதான் சுற்றவேண்டும். தட்டை நாடா அவ்வளவு சின்ன வளைவில் உடைந்துவிடும்.

7. சுருதி சேர்த்து உட்காரவைத்தல்

தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. நம் கணக்கில் 3, 6, 2, 5 கட்டை. ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வதால் போன் ஆப் சிலசமயம் தடுமாறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாகத் தொட்டு ஹார்மானிக் எழுப்பிக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

சுருதி வந்ததும் சேடிலுக்கு முன்னாலும் நட்டுக்குப் பின்னாலும் கம்பியை விரலால் ஒருமுறை அழுத்துங்கள். புதுக்கம்பி விறைப்பாக இருப்பதால் அங்கே வில்லாக வளைந்தே நிற்கும். அந்த வளைவு இருக்கும்வரை இன்டொனேஷன் பிடிபடாது. பிறகு கம்பி முழுவதையும் மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் இறங்குவது நிற்கும்.

இதற்குப் பிறகு முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். புது இழுவைக்கு நெக் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும். அவசரத்தில் அடுத்த படிக்குப் போனால் காலையில் வேறு அளவு காட்டும். கச்சேரியன்று மத்தியானம் கம்பி மாற்றாதீர்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

8. ட்ரஸ் ராட்

நெக் அப்பட்டமான நேர்கோடாக இருக்கக்கூடாது. ஆடும் கம்பிக்கு இடம்விட்டு நடுவில் மயிரிழை பள்ளமாக இருக்கவேண்டும். சுருதி சேர்த்த நிலையில், வாசிக்கும் வாக்கில் பிடித்துக்கொண்டு, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கேஜ் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் போதும்.

இடைவெளி அதிகம் என்றால் கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள், குறைவு என்றால் எதிர்ச்சுற்றில் தளர்த்துங்கள். ஒருமுறைக்குக் கால் திருப்பம், அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து அளந்துவிட்டு அடுத்த கால் திருப்பம். திருகவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ட்ரஸ் ராட் உடைந்தால் கம்பி விலையில் முடியாது, நெக் விலை ஆகும்.

மறக்கவேண்டாம், இது கம்பி உயரத்தைக் குறைக்கும் கருவி இல்லை. அதற்கு அடுத்த படி இருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் வேறு மாதிரி. வருடத்துக்கு இரண்டு முறை இந்த அளவை மட்டும் பார்த்தால் போதும்.

9. கம்பி உயரம்

பதினேழாம் ஃப்ரெட்டின் மேல் விளிம்பிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்கேலால் அளங்கள். ஈ ஸ்ட்ரிங்குக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங்குக்கு 2. தடித்த கம்பி அகலமாக ஆடும், அதற்குத்தான் இந்த அதிகப்படி. ஏ, டி இரண்டையும் ஃப்ரெட்போர்டின் வளைவையொட்டி நடுவில் வையுங்கள். சேடிலின் இரண்டு திருகும் ஒரே உயரத்தில் நிற்கட்டும்.

ஜிர்ரென்றால் எங்கே ஜிர் என்று கேளுங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் என்றால் நெக் ரொம்ப நேராகிவிட்டது, எட்டாம் படிக்குத் திரும்புங்கள். பன்னிரண்டுக்கு மேல் என்றால் உயரம் போதவில்லை. திறந்த கம்பியில் மட்டும் என்றால் நட் பள்ளம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கும், ஸ்ட்ரிங்கைத் திட்டிப் பயனில்லை.

ஆம்ப்பில் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கையில் கேட்கும் லேசான ஜிர் பலசமயம் ஸ்பீக்கரில் வராது.

10. இன்டொனேஷன்

பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மானிக்கை ட்யூனரில் சரியாக வையுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை வழக்கமான அழுத்தத்தில் பிடித்து வாசியுங்கள். பிடித்த சுரம் ஏறிக் காட்டினால் கம்பி குட்டையாக இருக்கிறது, சேடிலைப் பின்னால், நட்டிலிருந்து விலகும் பக்கம், நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் முன்னால். நகர்த்துமுன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் திருகின் தலை பிழைக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் ஹார்மானிக்கை மறுபடி சரிசெய்துவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும். இதை விடுபவர்கள்தான் ராத்திரி முழுக்கத் திருகிக்கொண்டிருப்பவர்கள்.

முடிந்ததும் சேடில்களைப் பாருங்கள். ஜி முன்னால், ஈ பின்னால், படிக்கட்டு மாதிரி நிற்கவேண்டும். நடுவில் ஒன்று மட்டும் முரண்டாக நின்றால் அந்தக் கம்பியைச் சந்தேகியுங்கள், முறுக்கோடு மாட்டியிருப்பீர்கள். பழைய, தேய்ந்த கம்பியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

11. பிக்கப்

கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடியிலிருந்து பிக்கப் காந்தம் வரை ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 முதல் 2.5 என்று வைத்து, பிறகு காதால் திருத்துங்கள். ரொம்ப நெருக்கினால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் கம்பியை இழுத்து நாதத்தைக் குறுக்கும்.

12. அப்புறம்

வாசித்து முடித்ததும் பனியன் துணியால் கம்பியின் அடியையும் சேர்த்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கம்பிக்கு வேண்டாம். பளபளப்பு ஒரு நாள், அழுக்கு ஒட்டுவது மாதம் முழுக்க. செத்த ரவுண்ட்வௌண்டை வெந்நீரில் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டினால் சில நாளுக்கு உயிர் வரும். கையில் காசில்லாத ஆடி மாதத்தில் நானும் செய்திருக்கிறேன். ஃபிளாட்வௌண்டையும் டேப்வௌண்டையும் மட்டும் பாத்திரத்தில் போடாதீர்கள்.

புது செட்டின் உறையைக் குப்பையில் போடவேண்டாம். அதன் பின்னால் மாட்டிய தேதி, ட்ரஸ் ராட் எத்தனை கால் திருப்பம், எந்தப் பக்கம், பதினேழாம் ஃப்ரெட்டில் என்ன உயரம் என்று பேனாவால் எழுதி பைக்குள் போட்டுவையுங்கள். அடுத்தமுறை என் திண்ணைக்கு வந்தால் கிட்டாரை வெளியே எடுக்குமுன் அதைத்தான் கேட்பேன்.